தவசிலிங்கத்தின் மடி

வைப்பாற்றில் தண்ணீர் மட்டுமல்ல, மணலும் காணாமல் போயிருந்த ஒரு வருடத்தில், புரட்டாசி மாதம் தசமி திதியன்று காலையில், எங்கள் தெருவில் கடை ஷட்டரைத் தூக்கிய ராஜபுஷ்பம் அக்கா, தன் புருஷனின் தொந்தியிலிருந்து எடுத்த கொழுப்பு கடைப் பலகைமேல் ஒரு மடியாக வளர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். மடி என்றால் மடியேதான். சம்மணம் போட்ட இரண்டு தொடைகள், நடுவில் ஒரு குழந்தை சரியாகப் பொருந்துகிற பள்ளம், பின்னால் சாய்ந்துகொள்ளக் கொஞ்சம் தொந்தி, அவ்வளவுதான். அதற்கு மேலே ஆள் கிடையாது. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், அடுத்து எந்தப் பஸ்ஸில் வர வேண்டும் என்று கேட்பார்கள், ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

அந்தப் புருஷன் தவசிலிங்கம் அண்ணாச்சி, காராச்சேவுக் கடைக்காரர். எங்கள் ஊரில் சேவுக் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டென்றாலும், தன் சரக்கைத் தானே தின்று பார்த்த பிறகுதான் விற்பேன் என்று காலமெல்லாம் கொள்கையோடு இருந்தவர் அவர் ஒருவர்தான், அந்தக் கொள்கை முழுவதும் அவர் வயிற்றிலும் தொடையிலும் தெரிந்தது. பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் அவர் உட்கார்ந்தால் பக்கத்தில் ஒரு கைப்பை வைக்கத்தான் இடமிருக்கும், கண்டக்டர்களும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, ஏனென்றால் கண்டக்டர்களில் பாதிப் பேருக்கு அவர் மடியில் வைத்துத்தான் காது குத்தியது. எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் தாய்மாமன் தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும், அவர் மடியில் பிள்ளை உட்கார வேண்டும், பிறகுதான் ஆசாரி ஊசியை எடுப்பார். மாமன் துபாயில் இருந்தாலும், மாமன் சொத்துத் தகராறில் முறைத்துக்கொண்டிருந்தாலும், மாமனே பிறக்காத வீடாக இருந்தாலும், தவசிலிங்கம் அண்ணாச்சிக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், குளித்துப் புது வேட்டி கட்டிக்கொண்டு ஒரு பொட்டலம் சேவோடு வந்து உட்கார்ந்துவிடுவார். அவர் மடியில் எந்தப் பிள்ளையும் அழுததில்லை. ஊசி ஏறும்போது யாரோ கூப்பிட்ட மாதிரி ஒருமுறை திரும்பிப் பார்க்கும், பிறகு அவர் தொந்தியில் தலையைச் சாய்த்துக்கொள்ளும், பாதிப் பிள்ளைகள் அடுத்த காதைக் குத்துவதற்குள் தூங்கிவிடும்.

இத்தனை காதுக்கு மடி கொடுத்தவரின் காதில் மட்டும் துளை கிடையாது. அவருடைய அம்மாவின் தம்பி கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர். அவன் வரட்டும், அவன் மடியில் வைத்துத்தான் என் மகனுக்குக் காது குத்துவேன் என்று அந்த அம்மா சிவப்புக்கல் கடுக்கன் ஒரு ஜோடி செய்து வைத்துக்கொண்டு, இந்தத் தை, அடுத்த தை என்று காத்திருந்தாள், மாமன் வரவில்லை, அவளுக்குச் சாவுதான் வந்தது. அப்போது தவசிலிங்கத்துக்கு ஒன்பது வயது, தங்கச்சி செல்லக்கனி பால்குடி. எண்ணெய்ச் செக்குக்குப் போன அப்பா திரும்பி வரும்வரை தங்கச்சியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்த அந்தப் பையன், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். செல்லக்கனிக்குக் காது குத்தும் நாள் வந்தபோது, மாமன் வராத வீட்டில் யார் உட்காருவது என்று பெரியவர்கள் தலையைச் சொறிந்துகொண்டிருக்க, பையனே போய்ச் சம்மணம் போட்டான். அவள் அழவில்லை. அந்த மடியில் அழாத முதல் பிள்ளை அவள்தான், மற்றதெல்லாம் அன்றைக்கு ஆரம்பித்தது.

அந்தச் செல்லக்கனிக்கு ஒரே மகள், ஹேமலதா. ஹேமலதாவுக்குக் கல்யாணமாகி, கோவையில் குடித்தனம் வைத்து, கோயில் கோயிலாகவும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகவும் அலைந்து, இனி இல்லை என்று எல்லாரும் பேச்சை விட்டுவிட்ட பிறகு ஒரு பெண் பிறந்தது, ஆதிரை என்று பெயர் வைத்தார்கள். ஹேமலதாவுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை, அதனால் ஆதிரைக்கு மாமன் இல்லை, மாமன் இல்லாத இடத்தில் தாயின் மாமன் உட்காருவதுதான் முறை. பிள்ளையைப் பார்க்கக் கோவைக்குப் போன தவசிலிங்கம் அண்ணாச்சி, தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடியே, வருகிற தையில் நம் ஊரில் என் மடியில் வைத்துக் காது குத்திவிடலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். நின்றபடியே கொடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அவரால் அப்போது தரையில் உட்கார முடியாது. அறுபத்தாறு வயதும் அவ்வளவு எடையும் சேர்ந்து இரண்டு முழங்காலையும் தேய்த்துவிட்டிருந்தன. அதற்கு முந்தின காதுகுத்தில் அவரை எழுப்பி நிறுத்துவதற்கு மேளக்காரர்கள் மேளத்தை வைத்துவிட்டு வர வேண்டியிருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளலாமே என்று எல்லாரும் சொன்னார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் அது தொடை, மடி இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். பிறகு அவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பலகையைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து பழகிப் பார்ப்பதும், பாதியில் நின்றுபோய் வியர்த்து வழிவதும் எங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. வாக்குக் கொடுத்த மனுஷன் இப்படி நொந்து நிற்பதைப் பார்க்க எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

மதுரையில் கண்ணாடிக் கட்டடத்தில் ஒரு டாக்டரம்மா புது வைத்தியம் செய்கிறாள் என்று யாரோ சொல்ல, ராஜபுஷ்பம் அக்கா அவரை அழைத்துக்கொண்டு போனாள். வயிற்றிலிருந்து கொஞ்சம் கொழுப்பை உறிஞ்சி எடுத்து, அதிலிருந்து ஸ்டெம் செல் என்கிற உயிரணுக்களைப் பிரித்து, கொஞ்சத்தை முழங்காலில் ஊசியாகவும், மீதியை வயதுக்கும் உடம்புக்கும் என்று நரம்பில் டிரிப்ஸாகவும் ஏற்றுவார்களாம். மிருணாளினி என்ற அந்த டாக்டர் சின்னப் பெண், ஆனால் பேச்சில் ஒளிவு மறைவு இல்லாதவள்.

"ஐயா, என்னவா ஆகணும்னு இன்னும் முடிவு பண்ணாத செல்கள் இந்தக் கொழுப்புக்குள்ள இருக்கு. உள்ள போனா அந்த இடத்துக்கு வேணும்கிற மாதிரி வேலை செய்யும்னு நம்புறோம். நம்புறோம்னுதான் சொல்லுவேன், நிச்சயம்னு சொல்ல மாட்டேன்."

ராஜபுஷ்பம் அக்காவுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இந்த மனுஷன் வீட்டுக்கு என்ன பெயிண்ட் அடிப்பது என்று முடிவு செய்யவே ஒரு தீபாவளியைத் தாண்டிவிட்டார், இவருடைய கொழுப்பு வேறு எப்படி இருக்கும் என்று கேட்டாள். டாக்டர் சிரித்துவிட்டாள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. தைக்குள் சம்மணம் போட முடியுமா என்று மட்டும் கேட்டார், பார்க்கலாம் என்றாள் டாக்டர், எடுத்தார்கள், ஏற்றினார்கள், முடிந்தது.

வம்பு அதற்குப் பிறகுதான் வந்தது. பிரித்தது போக மிச்சமிருந்த கொழுப்பை ஆஸ்பத்திரிக் கழிவோடு சேர்த்து எரித்துவிடுவார்கள் என்று தெரிந்ததும் ராஜபுஷ்பம் அக்கா டாக்டர் அறை வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை பெற்றால் தொப்புள்கொடியைக்கூட மண்ணில்தான் புதைக்கிறோம், முதல் முடியை ஆற்றில்தான் விடுகிறோம், எங்கள் வீட்டுக்காரர் உடம்பில் இத்தனை வருஷம் இருந்ததைக் குப்பையோடு எரிக்க விடமாட்டேன் என்பது அவள் வாதம். டாக்டர் விதிகளைச் சொன்னாள். அக்கா மறுக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை, மத்தியானம் கட்டுச்சோற்றைப் பிரித்துக் காவலாளிக்கும் ஒரு பங்கு கொடுத்தாள். சாயங்காலம் டாக்டர் ஒரு மூடிபோட்ட டப்பாவைக் கொண்டுவந்து அவள் பையில் வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பெண்ணின் தொப்புள்கொடியும் எங்கேயோ ஒரு தென்னைமரத்தடியில்தான் இருக்க வேண்டும்.

ஊருக்கு வந்ததும் அதைத் தூக்குவாளியில் மாற்றி, கொல்லையில் முருங்கைக்குப் பக்கத்தில் புதைப்பதாக ஏற்பாடு. ஆனால் ராஜபுஷ்பம் அக்கா தினசரிக் காலண்டரைப் பார்க்காமல் தலைக்குக்கூட எண்ணெய் வைக்காதவள், அன்றைக்குப் பார்த்தால் கரிநாள். மறுநாள் அஷ்டமி, அதற்கு மறுநாள் நவமி. நல்ல நாள் பார்க்காமல் ஒரு மனுஷனின் சதையை மண்ணில் போடலாமா என்று வைத்திருந்தாள், வீட்டுக்குள் வைக்க மனசில்லை, கொல்லையில் வைத்தால் நாய் விடாது, ஆகவே அடைத்துக் கிடந்த கடைக்குள், அவர் வழக்கமாக உட்காருகிற பலகைமேலேயே வைத்து, காற்றுப் படட்டும் என்று மூடியைக் கொஞ்சம் தளர்த்தி, அவருடைய பழைய வேட்டி ஒன்றைப் போர்த்திவிட்டாள். தசமியன்று புதைக்கலாம் என்று மண்வெட்டியோடு ஷட்டரைத் தூக்கினால், தூக்குவாளி ஓரமாக உருண்டு கிடக்கிறது, பலகைமேல் மடி உட்கார்ந்திருக்கிறது.

அவள் கத்தவில்லை. வேட்டி கொஞ்சம் நழுவியிருந்தது, அதை இழுத்துச் சரியாக மூடினாள், கையை வைத்துப் பார்த்தாள், கதகதப்பாக இருந்தது, மெதுவாக ஏறி இறங்கியது. மண்வெட்டியைக் கடைக்கு வெளியே சாத்திவிட்டு வீட்டுக்குப் போய், "என்னங்க, உங்க மடி கடையில உக்காந்திருக்கு, எந்திரிச்சு வாங்க" என்று புருஷனை எழுப்பினாள்.

மூச்சு விடுகிற ஒன்றைப் புதைக்க முடியாது என்பதில் தெருவில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதற்கு மேல் என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை, எல்லாரும் வந்து பார்த்தார்கள், அடையாளம் கண்டுகொண்டார்கள், இடது தொடையில் சேவுச் சட்டி பட்ட வடு இருந்ததால் சந்தேகத்துக்கு இடமில்லை, பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். பிறகு தண்ணி லாரி வந்தது. எதிர்வீட்டுக் கோமதி, பல் முளைக்கிற நேரத்தில் ராத்திரி பகலாக அழுதுகொண்டிருந்த தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குடத்தைத் தூக்க முடியாமல், ஒரு நொடி யோசித்துவிட்டு, பிள்ளையை அந்த மடியில் வைத்துவிட்டு ஓடினாள். நாலு குடம் பிடித்துத் திரும்பி வந்தபோது பிள்ளை கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு தூங்கியிருந்தது. கோமதி அங்கேயே நின்று, பல மாதங்களுக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு டம்ளர் காப்பியைச் சூடாகக் குடித்தாள்.

அன்றிலிருந்து காலையில் கைக்குழந்தைகள் வரிசையாக வந்தன. பிறகு பெரியவர்களும் வந்தார்கள், முதலில் சேவு வாங்குகிற சாக்கில். ஓய்வுபெற்ற ஜெசிந்தா டீச்சர், எங்கள் ஊரில் பாதிப் பேரை முட்டி போட வைத்தவர், கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார், எழுந்தபோது அவருடைய முகத்தில் நாங்கள் பார்த்தறியாத ஒரு சிரிப்பு இருந்தது, அரைக்கிலோ சேவு கேட்டவர் வாங்காமலே போய்விட்டார். பட்டறையில் விரல் போனவன் வந்து உட்கார்ந்தான், மகன் பேசாத தாய் வந்து உட்கார்ந்தாள், புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு பெட்டியோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒருத்தி பெட்டியோடு வந்து உட்கார்ந்தாள். அழுதுகொண்டு வந்தவர்களுக்கும் அங்கே உட்கார்ந்ததும் அழுகை நின்றுவிடும், அதுதான் அந்த மடியின் பழைய குணம் ஆயிற்றே, அப்படியே இருந்தது. எத்தனை கனமான ஆள் உட்கார்ந்தாலும் அவர்களுக்கு ஏற்ற மாதிரி பள்ளம் விரிந்துகொடுத்தது, எத்தனை கிழவராக இருந்தாலும் உட்கார்ந்ததும் கால் தரைக்கு எட்டாமல் கொஞ்சம் ஆடியது.

ஊர் என்றிருந்தால் ஒழுங்கு வேண்டுமல்லவா, காலையில் பிள்ளைகள், மத்தியானம் பெண்கள், சாயங்காலம் ஆண்கள் என்று தானாகவே ஒரு முறை வந்துவிட்டது. வேட்டி மாற்றுவது வாரம் ஒரு வீடு. மடியில் இருக்கும்போது போன் பேசக் கூடாது, எழுந்து வருகிறவர்களிடம் எதற்காக உட்கார்ந்தாய் என்று கேட்கக் கூடாது. கோயில் பூசாரி வந்து பால் ஊற்றி விபூதி பூசலாமா என்று பார்த்தார், "சாமி இல்லங்க, எங்க வீட்டுக்காரர் தொந்தி" என்று ராஜபுஷ்பம் அக்கா திருப்பி அனுப்பிவிட்டாள், பூசாரி போகும்போது கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் போனார். பலகை தெருவுக்குள் ஒரு முழம் நீண்டிருக்கிறது, ஆக்கிரமிப்பு என்று யாரோ எழுதிப்போட, அளக்க வந்த அதிகாரி டேப்பை நீட்டியபடி மடியின் ஓரத்தில் சாய்ந்தவர், சாயங்காலம் தெருவிளக்கு போட்ட பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு, இங்கே அளக்க ஒன்றுமில்லை என்று போய்விட்டார். பெயர் பெற்ற ஊராகிவிடுவோமோ என்று கொஞ்ச நாள் பயந்தோம். ஆனால் மடியைப் போட்டோ எடுத்தால் ஒரு பலகையும் கசங்கிய வேட்டியும்தான் விழுந்தன, அதனால் தப்பித்தோம்.

இதற்கிடையில் தவசிலிங்கம் அண்ணாச்சிக்கு வைத்தியம் வேலை செய்தது. கொஞ்சம் அதிகமாகவே செய்தது. ஐப்பசியில் முழங்கால் வலி போனது, பத்தடி நடந்தால் மூச்சு வாங்கியவர் ரயில்வே கேட் வரை போய் வந்தார். கார்த்திகையில் தொந்தி போனது, சட்டைகள் கொடியில் காய்வதுபோலவே அவர்மேலும் தொங்கின. மார்கழியில் முடி கறுத்தது, கன்னம் இறுகியது, கழுத்துச் சுருக்கம் மறைந்தது, முப்பது வயது ஆள்போல ஆகிவிட்டார், வங்கியில் கையெழுத்தைப் பார்த்துவிட்டு அப்பாவை வரச் சொல்லுங்கள் என்றார்கள். தெருவில் பெண்கள் ராஜபுஷ்பம் அக்காவைச் சீண்டினார்கள். அவளும் விட்டுக்கொடுக்காமல், நான் சமைத்துப்போட்டதெல்லாம் கடையில் உட்கார்ந்திருக்கிறது, வீட்டில் இருக்கிறது அவருடைய அம்மா வீட்டுச் சரக்கு என்றாள். ஆனால் சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டாள், தன் நரைமுடியை முந்தானையால் மூடிக்கொண்டாள், அது எங்களுக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது.

அவருக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. இப்போது அவரால் சம்மணம் போட முடிந்தது, சிரமமே இல்லாமல் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். உட்கார்ந்து கோமதியின் பிள்ளையை வாங்கி மடியில் வைத்தார், பிள்ளை வீரிட்டு அழுதது. வேறொரு பிள்ளையை வைத்தார், அதுவும் அழுதது. தெருவில் கிடைத்த பிள்ளையை எல்லாம் வாங்கி வைத்துப் பார்த்தார், எல்லாமே அழுதன, எலும்பு குத்துகிறது பாவம் என்று தாய்மார்கள் பதமாகச் சொல்லி வாங்கிக்கொண்டு போய், நாலடி தள்ளியிருந்த அந்த மடியில் வைத்தார்கள், உடனே அமைதியாயின. அவர் சேவுப் பொட்டலம் கட்டுவதுபோலக் குனிந்துகொள்வார். ஊரில் எல்லாரும் உட்கார்ந்தாயிற்று, அளக்க வந்தவர்கூட உட்கார்ந்தாயிற்று, தவசிலிங்கம் அண்ணாச்சி மட்டும் அதில் ஒரு விரல்கூட வைக்கவில்லை. தன் மடியின்மேல் ஒரு மனுஷன் பொறாமைப்படுவதை நாங்கள் அப்போதுதான் பார்த்தோம்.

டாக்டர் மிருணாளினி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அண்ணாச்சியைப் பரிசோதித்துவிட்டு, இரண்டாவது டிரிப்ஸ் வேண்டாம், இதுவே என் கணக்கில் இல்லாதது என்று நேராகச் சொன்னாள். பிறகு மடியைக் காட்டினோம். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள், ரொம்ப நேரம் கேட்டாள், கேட்டபடியே அதில் உட்கார்ந்துவிட்டாள், கொண்டுவந்த ஊசியும் கண்ணாடிக் குப்பியும் பையிலேயே இருந்தன. எழுந்தபோது அண்ணாச்சியிடம் சொன்னாள்: "முடிவு பண்ணாத செல்னு சொன்னேன்ல ஐயா. இது முடிவு பண்ணிடுச்சு." அண்ணாச்சி, அப்படியானால் எனக்குள்ளே போனதெல்லாம் என்ன முடிவு செய்தது என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை, தெரியாது என்றே சொன்னாள்.

தை பிறந்தது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் செல்லக்கனி வந்து இறங்கினாள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அண்ணன் முகத்தைப் பார்த்தவள் பையைக் கீழே போட்டுவிட்டாள், ஏனென்றால் முப்பது வயது தவசிலிங்கத்தை எங்களையெல்லாம்விட நன்றாக ஞாபகம் வைத்திருந்தவள் அவள்தான், அந்த வயதில்தான் அவர் கடையில் பாதியை விற்று அவளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்.

"அண்ணே, நீ அன்னைக்கும் இப்படித்தான் இருந்த. ஒட்டிப்போய், சாப்பிடாத மாதிரி."

"நாளைக்குப் பிள்ளை அழுதுரும் கனி," என்றார் அவர். "வாக்குக் குடுத்துட்டு மடியைத் தொலைச்சிட்டேன்."

பார்த்துக்கிடலாம் என்று அவள் சொன்னாள், ஆனால் அவளும் யோசனையாகத்தான் இருந்தாள். காதுகுத்து நடக்க வேண்டிய குலசாமி கோயிலுக்கு மடியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்று இளவட்டங்கள் முயன்றார்கள். கனம் ஒன்றும் இல்லை, ஆனால் தூங்குகிற பிள்ளையைத் தூக்கினால் எப்படிக் கைக்குள் நிற்காமல் வழிந்து வழிந்து போகுமோ அப்படிப் போனது, விட்டுவிட்டார்கள். கடைசியில் சாமிக்குப் பதிலாகக் கோயில் பிடிமண்ணை எடுத்து வந்து கடை வாசலிலேயே வைத்துக்கொள்வதென்று முடிவாகி, பூசாரியும் முணுமுணுத்துவிட்டுச் சம்மதித்தார். மடியில் காதுகுத்து அதுதான் முதல் தடவை, ஏனென்றால் எங்கள் பக்கத்தில் காதுகுத்து தையில்தான். தெருவை அடைத்துப் பந்தல் போட்டோம்.

ஹேமலதா கையில் பட்டுப்பாவாடை கட்டிய பிள்ளையோடு வந்து, கடையைப் பார்த்தாள், மாமாவின் ஒடிசலான தொடையைப் பார்த்தாள், அவள் கணக்கு வழக்கில் கெட்டிக்காரி. "மாமா, இதுலயே வச்சிரலாம், இதுவும் உங்க மடிதானே" என்றாள். ஆமாம்மா, அதுவும் என் மடிதான் என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டுச் சீர்த்தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, வந்த விருந்தாளி மாதிரி ஓரமாகப் போய் நின்றார். எங்களில் யாராலும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆதிரையை மடியில் வைத்தார்கள், அவள் வேட்டியைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள்.

ஊசியோடு குனிந்த சங்கரமூர்த்தி ஆசாரி நிமிர்ந்தார். "தலையை யார் பிடிக்கிறது? மடிக்குக் கை இல்லையே" என்றார்.

அதை யாரும் நினைக்கவில்லை. இத்தனை மாதமாக அந்த மடியில் உட்கார்ந்து, படுத்து, தூங்கி எழுந்த ஊருக்கு, காதுகுத்தில் மாமனின் கை பிள்ளையின் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கும் என்பது மறந்துபோய்விட்டது. பின்னால் நின்று பிடிக்கலாமென்றால் தொந்திக்குப் பின்னால் உடனே சுவர். முன்னால் நின்று பிடித்தால் ஆசாரிக்கு வெளிச்சம் இல்லை. எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டு நின்றோம், அப்போது செல்லக்கனி போய் அண்ணன் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணே, நீ அதுல உக்காரு. பிள்ளையை உன் மடியில வச்சுக்க."

அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். கூச்சம், வேறொன்றுமில்லை, ஒன்பது வயதிலிருந்து மற்றவர்களை உட்கார வைத்தே பழகிய ஆள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவர் முதலில் ஓரத்தில் உட்கார்ந்தார், கடன் கேட்க வந்தவர்போல, முதுகை நேராக வைத்துக்கொண்டு. மடி ஒரு பெருமூச்சு விட்டது. பள்ளம் விரிந்தது, அவர் உள்ளே சரிந்தார், கால் தரையிலிருந்து எழும்பியது, முதுகு அந்தத் தொந்தியில் சாய்ந்தது, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் தோள் இரண்டும் மெதுவாக இறங்கின. ஆதிரையை அவர்மேல் வைத்தார்கள். மடிக்குள் மடியாக, எலும்புக்கு அடியில் மெத்தையாக, அவள் ஒருமுறை அசைந்து பொருந்திக்கொண்டாள். அவர் கை அவள் தலையை நெஞ்சோடு அணைத்தது. ஆசாரி குத்தினார். யாரோ கூப்பிட்ட மாதிரி அவள் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான், அடுத்த காதுக்கும் அவ்வளவுதான். பெண்கள் குலவையிட்டார்கள், மேளம் அடித்தது, ஹேமலதா பிள்ளையின் வாயில் ஒரு கற்கண்டைப் போட்டுவிட்டு, தான் அழுதாள்.

முடிந்தது என்று நாங்கள் பந்திக்குத் திரும்பும்போது, செல்லக்கனி இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். அதற்குள் ஒரு மஞ்சள் துணி, துணிக்குள் சிவப்புக்கல் கடுக்கன் ஒரு ஜோடி.

"அம்மா செஞ்சு வச்சது," என்றாள். "மாமன் மடிதான் வரல. உன் மடி வந்திருக்குல்ல."

இந்த வயசிலயா என்று அவர் கேட்டார். எந்த வயதைச் சொல்கிறார் என்று எங்களுக்கு விளங்கவில்லை, முப்பதையா, அறுபத்தாறையா. அவர் முகத்தைப் பார்த்தால் ஒன்பது வயதுப் பையன் முகமாக இருந்தது. ஆசாரி ஊசியை மறுபடி தீயில் காட்டினார். தலையைப் பிடிக்க ஆள் வேண்டுமே என்று அவர் சொல்வதற்குள் ராஜபுஷ்பம் அக்கா வந்துவிட்டாள், வெளிச்சத்தை மறைக்காமல் பலகையின் ஓரமாக மண்டி போட்டு, முந்தானை நழுவியதையும் நரைமுடி தெரிவதையும் பார்க்காமல், புருஷனின் தலையை இரண்டு கையாலும் தன் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

ஊசி ஏறியது. தவசிலிங்கம் அண்ணாச்சி அழுதார். கண்ணீர் விட்டார் என்று சொல்லவில்லை, வாயைத் திறந்து, குரலெடுத்து, அம்மா என்று கூப்பிட்டு அழுதார், எத்தனையோ பிள்ளைகளும் எத்தனையோ பெரியவர்களும் உட்கார்ந்து எழுந்த அந்த மடியில் அழுத முதல் ஆள் அதன் சொந்தக்காரர்தான். மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். ஒருவரும் அழாதே என்று சொல்லவில்லை. மடி அவரைக் கொஞ்சம் ஆட்டியது, அதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம், மெதுவாக, பிள்ளையைத் தூங்க வைப்பதற்குத் தொடையை ஆட்டுவோமே, அதுபோல.

அவர் நெஞ்சோடு இருந்த ஆதிரை அண்ணாந்து அந்தத் திறந்த வாயைப் பார்த்தாள். காது குத்தி முடிந்ததும் அழுகிற பிள்ளைக்கு இனிப்புக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. தன் வாயில் பாதி கரைந்திருந்த கற்கண்டை எச்சிலோடு எடுத்து அவர் வாயில் வைத்தாள்.